சாக்ஸில் வந்த வேர்

தம்பி கல்யாணத்துக்கு வந்த கொழுந்தி பெனிட்டா
அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தது
ஒற்றைக் கம்பளிச் சாக்ஸ்.
அதற்குள் ஈரத்தாள் சுற்றி
விரல்நீளத்தில் ஒரு வேர்.
வெளியே கரி. ஒடித்தால் உள்ளே வெள்ளை,
தொட்டால் வெண்டைக்காய் வழுவழுப்பு.

"காம்ஃப்ரியாக்கும் அத்தான்.
அங்க ஒடிவுக்கும் சுளுக்குக்கும் வச்சுக் கெட்டுவாவ.
குடிச்சிராதீங்க, ஈரலு போயிரும்.
பொளந்த புண்ணுல வைக்காதீங்க.
மாசக்கணக்காட்டும் கெட்டாதீங்க."
நர்சு தரும் மருந்து இப்படித்தான்,
முன்னால் மூன்று 'தீங்க' நடந்து வரும்.

என் கால் அப்போது மாவுக்கட்டில்.
ஐப்பசி மழையில் வழுக்கிய கையாலையில்
தலைவிளக்கோடு விழுந்தேன்.
விளக்கு அணையாமல்
அரைமணி நேரம் ரப்பர் இலைகளைப் பார்த்துக் கிடந்தது,
நானும்.
ஆறு வாரம் என்றார் குலசேகரத்து டாக்டர்.
மரம் வாரம் எண்ணாது.
இருநூற்றி எண்பது மூடு.
மூன்றாம் நாள் விடியற்காலம் மூணு மணிக்கு
லில்லிபாய் என் கத்தியை எடுத்தாள்.
கேட்டுவிட்டு எடுக்கவில்லை.

வேரை நட்டது நான்.
காலை ஒருபக்கம் நீட்டிப்போட்டு
குண்டியால் நகர்ந்து நகர்ந்து,
துவைகல்லின் சோப்புத்தண்ணி எட்டாத இடம்,
அயனிமரத்து நிழல், சானல் ஊறும் ஈரம்.
"பொன்மனைச் சூட்டுல இது வராது வேய்"
என்றார் அடுத்த விளையின் றசலையன் கொத்தனார்.
பதினாறாம் நாள்
புகையிலை போல ஓர் இலை.
தடவினால் பூனை நாக்கு.

மாவுக்கட்டு பிரித்த அன்று ஏழு இலை.
என் கணுக்காலுக்கென்று எண்ணி வைத்த ஏழு.

அன்றுதான் பார்த்தேன்,
பால்வாளி அவள் இடது கையில் வந்தது.
வலது மணிக்கட்டு கொழுக்கட்டையாக இருந்தது.
"எப்ப இருந்து?"
"ஒரு வாரமாட்டு."
"சொல்லலியே."
"நீங்க கேக்கலியே."

ஏழையும் அம்மியில் அரைத்தேன்.
மிக்சியில் போட்டால் நார்நாராய்ச் சுற்றுகிறது.
வெள்ளரிக்காய் மணம்.
இலையின் ரோமம் தோலில் பட்டு அரிக்காதிருக்க
பழைய சாரத்தைக் கிழித்து, மடித்து, உள்ளே வைத்து...
கெட்டத் தெரியவில்லை எனக்கு.
இரண்டு தடவை அவிழ்ந்தது.
மூன்றாவது முடிச்சைப் பல்லால் இழுத்தபோது
அவள் கையில் ரப்பர்பால் நாற்றம்,
இருபத்தியிரண்டு வருசமாக அவள்
என் சட்டையிலிருந்து துவைத்துக் கழித்த நாற்றம்.

நாலு நாளில் வீக்கம் வற்றியது.
இலையாலா,
நாலு நாளும் மழை விடாமல் பெய்து
வெட்டு இல்லாமல் போனதாலா?
பெனிட்டாவிடம் போனில் கேட்டால்
"ரெண்டும்னு வச்சுக்கிடுங்க" என்று சிரிக்கிறாள்.

இப்போது அது புதர்.
அறுத்தால் பத்து நாளில் திரும்ப நிற்கிறது.
பிடுங்கினால் மண்ணில் விட்ட துண்டெல்லாம் முளைக்கிறது.
பூ மட்டும் ஒருநாளும் இல்லை.
முழங்கால் வலிக்கென்று கொத்தனார் வேர் கேட்டார்,
மூன்று 'தீங்க'வையும் சேர்த்தே கொடுத்தேன்.
மிஞ்சிய இலையை வாளியில் ஊறப்போட்டால்
செத்த எலி நாறும் ஒரு கறுப்புத் தண்ணி.
அதைக் குடிக்க அனுமதி
நேந்திரன் வாழைக்கு மட்டும்.

என் கால் தேறிவிட்டது.
மூணு மணிக்குக் கண் தானே திறக்கிறது,
அவள் கத்தி தீட்டும் சத்தத்துக்கு.
அவள் வெட்டு என்னுடையதைவிட மெலிசு,
பட்டை இன்னும் ரெண்டு வருசம் கூடுதலாகத் தாங்கும்
என்கிறார் முதலாளி.
கத்தியை அவள் திருப்பித் தரவில்லை.
நான் ஒட்டுப்பால் உரித்துக்கொண்டு
கூடவே போகிறேன்.
கையாலை வரும்போது மட்டும்
பேசாமல் நின்று
விளக்குத் தலையைத் திருப்புகிறாள்.